மெயிலுக்குள்ளே ஒரு வாசல்: அவுட்லுக்கில் ஃபைல், ஃபோல்டர் ஷார்ட்கட் வைப்பது எப்படி?

மாதம் 19ஆம் தேதி மாலை. மறுநாள் ஜிஎஸ்டிஆர்-3பி என்ற மாதாந்திர ஜிஎஸ்டி கணக்கைத் தாக்கல் செய்யக் கடைசி நாள். "போன மாசம் கட்டின சலானை இன்னொரு தடவை அனுப்புங்க" என்று ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மெயில் வருகிறது. பதில் எழுதத் திறக்கிறேன். அட்டாச் பொத்தானை அழுத்துகிறேன். டி டிரைவ், கிளையன்ட் ஃபோல்டர், அந்தக் கடையின் பெயர், ஜிஎஸ்டி, நிதியாண்டு, மாதம், அப்புறம்தான் சலான். ஏழு கிளிக். அன்று மாலை மட்டும் இப்படிப் பதில் போட வேண்டிய மெயில் முப்பதுக்கு மேல் இருந்தது.

ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிப்போன நடை. மெயில் ஒரு பக்கம், ஃபைல்கள் ஒரு பக்கம், நடுவில் நாள் முழுக்க நடந்துகொண்டே இருக்கிறோம். அந்த நடையைக் குறைக்க அவுட்லுக்கிலேயே ஒரு வசதி இருக்கிறது. அடிக்கடி தேவைப்படும் ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் ஷார்ட்கட் போட்டு, அதை மெயில் புரோகிராமுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். தினமும் எட்டு மணி நேரம் அவுட்லுக்கில் உட்கார்ந்திருப்பவர்களில்கூடப் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்த சிலரும் ஒருமுறை முயன்று பார்த்து, வரவில்லை என்று விட்டிருப்பார்கள். எங்கே சிக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் ஷார்ட்கட் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். அது தெளிவாக இருந்தால் மீதி எல்லாம் தானாக வந்துவிடும்.

பத்திரிகையில் போட்டிருக்கும் வழி

கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் மண்டபத்துக்கு வழி போட்டிருப்பார்கள். பேருந்து நிலையம், அங்கிருந்து இடதுபக்கம், பெட்ரோல் பங்க் தாண்டி, இரண்டாவது தெரு. பத்திரிகையைக் கையில் வைத்திருப்பவர் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடுவார். பத்திரிகை கிழிந்துபோனால் மண்டபத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆயிரம் பத்திரிகை அடித்தாலும் மண்டபம் ஒன்றுதான். ஆனால் கடைசி நேரத்தில் மண்டபத்தை மாற்றிவிட்டால், பத்திரிகையை நம்பி வந்தவர் பழைய இடத்தில் போய் நிற்பார்.

ஷார்ட்கட் அந்தப் பின்பக்க வழிதான். அதற்குள் உங்கள் எக்செல் கணக்கு இல்லை. அந்தக் கணக்கு எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முகவரி மட்டும்தான் இருக்கிறது.

நீங்களே பார்க்கலாம். ஒரு ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்து, டெஸ்க்டாப்புக்கு ஒரு ஷார்ட்கட் அனுப்புங்கள். ஐகானின் இடது கீழ் மூலையில் சின்னதாக ஒரு வளைந்த அம்பு தெரியும். 1995இல் விண்டோஸ் 95 வந்தபோது வந்த அடையாளம் அது, இன்றும் இருக்கிறது. இப்போது அந்த ஷார்ட்கட்டின் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பாருங்கள். டார்கெட் என்ற வரியில் முழு முகவரியும் எழுதியிருக்கும். அளவைப் பாருங்கள்: அசல் ஃபைல் 40 எம்பி இருந்தாலும் ஷார்ட்கட் ஓரிரு கேபிதான் இருக்கும். இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் "ஷார்ட்கட்டை அழித்தால் ஃபைல் போயிடுமா?" என்ற பயம் விட்டுப்போகும்.

போகாது. ஷார்ட்கட் வழியாகத் திறந்து நீங்கள் செய்யும் திருத்தம் அசலில்தான் பதிவாகும், ஏனென்றால் நீங்கள் திறந்ததே அசலைத்தான். ஃபைல் எப்போதும் ஒரே இடத்தில், ஒரே பதிப்பாக இருக்கும். அதை அடையும் வழிகளை எத்தனை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். மெயிலுக்குள் ஷார்ட்கட் வைப்பதன் உண்மையான பலன் என்று நான் நினைப்பது இதைத்தான். கிளிக் மிச்சமாவது அதற்கு அடுத்ததுதான்.

அவுட்லுக்கில் அது எங்கே ஒளிந்திருக்கிறது

ஒரு காலத்தில் ஒளிந்திருக்கவில்லை. ஆபிஸ் 97 தொகுப்போடு வந்த முதல் அவுட்லுக்கில் இடதுபக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருந்தது. பெரிய பெரிய ஐகான்கள், அவை குழு குழுவாக. அதில் ஒரு குழுவில் மை கம்ப்யூட்டர், மை டாக்குமென்ட்ஸ் எல்லாம் நின்றன. கிளிக் செய்தால் ஃபைல்கள் அவுட்லுக் ஜன்னலுக்குள்ளேயே தெரியும். மெயில் பார்க்கும் இடத்திலேயே ஃபைலும் பார்க்கலாம் என்பது அதை வடிவமைத்தவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்த எண்ணம்.

2003ஆம் ஆண்டுப் பதிப்பில் இடதுபக்கத்தை மாற்றி அமைத்தார்கள். இன்பாக்ஸ், நாள்காட்டி, தொடர்புகள் ஆகியவை முன்னால் வந்தன. ஷார்ட்கட்டுகள் தனிப் பலகமாகி ஒரு மூலைக்குப் போய்விட்டன. அன்றிலிருந்து அந்த மூலையிலேயே இருக்கின்றன.

அங்கே போகச் சுலபமான வழி விசைப்பலகைதான். அவுட்லுக் திறந்திருக்கும்போது கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு 7ஐ அழுத்துங்கள். இடதுபக்கம் இருந்த மெயில் ஃபோல்டர்களின் பட்டியல் மறைந்து, ஷார்ட்கட்ஸ் என்ற தலைப்போடு ஏறக்குறைய காலியாக ஒரு பலகம் வரும். மெயிலுக்குத் திரும்ப, கன்ட்ரோலோடு 1. இந்த இரண்டையும் நாலைந்து தடவை மாறி மாறி அழுத்திப் பாருங்கள், விரல் பழகிவிடும். மவுஸ்தான் வேண்டும் என்றால், இன்பாக்ஸ், நாள்காட்டி ஐகான்கள் வரிசையின் கடைசியில் மூன்று புள்ளிகளோ, இன்னும் ஆப்கள் என்ற பொருளில் ஒரு சதுர ஐகானோ இருக்கும். அதற்குள் ஷார்ட்கட்ஸ் என்று இருக்கும்.

இதெல்லாம் கிளாசிக் அவுட்லுக் என்று இப்போது அழைக்கப்படும் பழைய வடிவத்தில். நியூ அவுட்லுக் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பலர் விட்டுப்போகும் இடம்

பலகம் திறந்ததும் ஷார்ட்கட்ஸ் என்ற தலைப்பின் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். நியூ ஷார்ட்கட் குரூப் என்று ஒன்று, நியூ ஷார்ட்கட் என்று ஒன்று வரும். முதலில் குரூப் உருவாக்குங்கள். பெயரைத் தமிழிலேயே வைக்கலாம், ஒரு தொல்லையும் இல்லை. என்னுடையதில் "ஜிஎஸ்டி", "டிடிஎஸ்", "தினமும்" என்று மூன்று குரூப் இருக்கின்றன.

அடுத்து எல்லோரும் செய்வது, நியூ ஷார்ட்கட்டை அழுத்துவது. ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் இன்பாக்ஸ், சென்ட் ஐட்டம்ஸ், டிராஃப்ட்ஸ் என்று மெயில் ஃபோல்டர்கள் மட்டுமே இருக்கும். டி டிரைவும் இருக்காது, டெஸ்க்டாப்பும் இருக்காது. அங்கேயே "சரி, இது மெயிலுக்கு மட்டும்தான் போல" என்று மூடிவிடுகிறார்கள். நானும் முதல் தடவை மூடிவிட்டுப் போனேன். திரும்ப அதைத் திறக்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.

கணினியில் இருக்கும் ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் அந்தப் பெட்டியில் வழி இல்லை. மெனுவே இல்லாமல் வேறு விதமாகச் செய்ய வேண்டும்: இழுத்துக்கொண்டு வந்து போட வேண்டும்.

அவுட்லுக்கைப் பாதித் திரைக்குச் சுருக்குங்கள். விண்டோஸ் விசையோடு வலது அம்பை அழுத்தினால் அது வலதுபாதிக்குப் போய்விடும். இடதுபாதியில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து, வேண்டிய ஃபோல்டரைத் தேடி நிறுத்துங்கள். இப்போது அந்த ஃபோல்டரை மவுஸால் பிடித்து, விடாமல் இழுத்துக்கொண்டே அவுட்லுக்குக்குப் போய், நீங்கள் உருவாக்கிய குரூப்பின் பெயருக்கு மேல் விடுங்கள். பெயருக்கு மேல் என்பது முக்கியம். கீழே இருக்கும் வெற்றிடத்தில் விட முயன்றால் குறுக்குக்கோடு போட்ட வட்டம் வந்து மறுத்துவிடும். சரியாகப் பெயருக்கு மேல் கொண்டுபோனால் மவுஸ் முனையின் உருவம் மாறும். அப்போது விரலை எடுங்கள். குரூப்புக்குக் கீழே அந்த ஃபோல்டரின் பெயர் வந்து உட்கார்ந்திருக்கும்.

அவ்வளவுதான். ஃபைலுக்கும் இதே முறைதான். டெஸ்க்டாப்பில் சேமித்து வைத்த இணையதள ஷார்ட்கட்டையும் இப்படியே இழுத்துப் போடலாம்.

ஜன்னலைப் பாதியாக்கப் பிடிக்காதவர்கள், ஃபைலைப் பிடித்தபடி டாஸ்க்பாரில் அவுட்லுக் ஐகானுக்கு மேல் ஒரு நொடி நிறுத்துவார்கள், அவுட்லுக் தானாக மேலே வரும். விண்டோஸ் 11இன் முதல் பதிப்பில் இதை எடுத்துவிட்டிருந்தார்கள், 2022ஆம் ஆண்டுப் புதுப்பிப்பில் திரும்ப வந்துவிட்டது. உங்கள் கணினியில் இது வேலை செய்யவில்லை என்றால் விண்டோஸ் பழைய பதிப்பாக இருக்கலாம்.

வந்து உட்கார்ந்த ஷார்ட்கட்டின் மேல் ரைட் கிளிக் செய்தால் பெயர் மாற்றலாம், மேலே கீழே நகர்த்தலாம், நீக்கலாம். பெயர் மாற்றுவதைத் தயங்காமல் செய்யுங்கள். ஷார்ட்கட்டுக்குத்தான் பெயர் மாறும், ஃபோல்டருக்கு மாறாது. "ஜிஎஸ்டி_2025_26_இறுதி" என்ற ஃபோல்டருக்கு அவுட்லுக்கில் "இந்த வருட ஜிஎஸ்டி" என்று வைத்துக்கொள்ளலாம்.

கிளிக் செய்தால் என்ன ஆகும்? ஃபைல் என்றால் அதற்குரிய புரோகிராமில் திறக்கும்: எக்செல் ஃபைல் எக்செல்லில், பிடிஎஃப் உங்கள் பிடிஎஃப் புரோகிராமில். ஃபோல்டர் என்றால் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலாகத் திறக்கும். பழைய அவுட்லுக் போல உள்ளேயே காட்டாது.

தவறான இடத்தில் போட்டுவிட்டால்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தத் தவறு வெளியே தெரியாது.

ஃபைலை இழுத்துக்கொண்டு வந்து குரூப் பெயரில் விடாமல், மெயில் ஃபோல்டர் ஒன்றின் மேல் விட்டுவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவுட்லுக் மறுக்காது. ஃபைலின் ஒரு நகலை எடுத்து மெயில் பெட்டிக்குள் வைத்துவிடும். பார்ப்பதற்கு ஷார்ட்கட் வைத்தது போலவே இருக்கும், கிளிக் செய்தால் திறக்கும். ஆனால் அந்த நிமிடத்திலிருந்து உங்களிடம் இரண்டு ஃபைல் இருக்கிறது. ஒன்று டிரைவில், ஒன்று மெயிலில். ஒன்றில் செய்யும் மாற்றம் மற்றதுக்குத் தெரியாது.

எனக்கு இது நடந்திருக்கிறது. எங்கள் அலுவலகத்தின் கட்டண விவரம் ஒரு எக்செல் ஃபைல். யார் கேட்டாலும் அனுப்ப வேண்டியது என்பதால் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும் என்று "முக்கியம்" என்ற மெயில் ஃபோல்டருக்குள் இழுத்துப் போட்டு வைத்தேன். ஷார்ட்கட் என்றே நினைத்தேன். ஏப்ரலில் கட்டணத்தை மாற்றி, டிரைவில் இருந்த ஃபைலைத் திருத்தினோம். ஜூனில் புதிதாக வந்த ஒரு வாடிக்கையாளருக்கு "முக்கியம்" ஃபோல்டரிலிருந்து எடுத்து அனுப்பினேன். போனது பழைய கட்டணம். எழுத்தில் கொடுத்துவிட்ட பிறகு மாற்றிச் சொல்வது முறையில்லை என்று எங்கள் ஆடிட்டர் சார் அந்த வருடம் முழுக்க அவருக்குப் பழைய கட்டணத்தையே வாங்கினார். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அது மறக்கவில்லை.

ஆகவே, போட்ட பிறகு ஒரு சின்னச் சோதனை. ஷார்ட்கட் வழியாகத் திறந்து ஓர் எழுத்தை மாற்றிச் சேமியுங்கள். அப்புறம் எக்ஸ்ப்ளோரர் வழியாக அசலைத் திறந்து பாருங்கள். அந்த எழுத்து அங்கேயும் மாறியிருந்தால் நீங்கள் வைத்தது ஷார்ட்கட். மாறவில்லை என்றால் நகல். அரை நிமிடம்கூட ஆகாது.

எதை வைப்பது

பலகம் காலியாக இருக்கிறதே என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து கொட்டத் தோன்றும். நாற்பது ஷார்ட்கட் சேர்ந்துவிட்டால் அதிலேயே தேட வேண்டி வரும், பழைய ஏழு கிளிக்கே மேல் என்று ஆகிவிடும். என் கணக்கில் பத்துக்குள் இருக்க வேண்டும், உருட்டாமல் ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

ஃபைலைவிட ஃபோல்டருக்கு ஷார்ட்கட் வைப்பதுதான் நீடிக்கும். ஃபைல்கள் மாதாமாதம் மாறும், பெயர் மாறும், பழையது போய்ப் புதியது வரும். ஃபோல்டர் அப்படியே இருக்கும். 7ஆம் தேதிக்குள் டிடிஎஸ், அதாவது பிடித்தம் செய்த வருமான வரியைக் கட்ட வேண்டும், 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் 3பி. இந்த மூன்றுக்கும் உரிய ஃபோல்டர்கள் என் பலகத்தில் அந்தத் தேதி வரிசையிலேயே இருக்கின்றன. ஃபைலாக நேரடியாக வைத்திருப்பவை இரண்டே இரண்டு: அந்தக் கட்டண விவரம், அப்புறம் புது வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டிய ஆவணங்களின் பட்டியல். இரண்டும் வருடத்துக்கு ஒருமுறைதான் மாறும், பெயர் மாறாது.

மெயில் எழுதும்போது இன்னொரு வழி

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ஷார்ட்கட்ஸ் பலகம் அவுட்லுக்கின் பிரதான ஜன்னலில் இருக்கிறது. மெயில் எழுதும் ஜன்னல் தனியாகத் திறந்திருக்கும்போது, அங்கிருந்து நேராக அட்டாச் செய்ய அது உதவாது. ஷார்ட்கட்டை அழுத்தி ஃபோல்டரைத் திறந்து, அதிலிருந்து ஃபைலை எழுதும் ஜன்னலுக்கு இழுத்துப் போட வேண்டும். ஃபைலைப் பார்க்க, திருத்த, சரிபார்க்க என்றால் பலகம் அருமையானது. அட்டாச் செய்வதற்கு மட்டும் என்றால் அதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது.

எக்ஸ்ப்ளோரரில் ஒரு ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்தால் பின் டு குயிக் ஆக்சஸ் என்று வரும். அதை அழுத்துங்கள். எக்ஸ்ப்ளோரரின் இடதுபக்க வரிசையில் அந்த ஃபோல்டர் ஒரு குண்டூசிப் படத்தோடு வந்து நிற்கும். இதில் விசேஷம் என்னவென்றால், அட்டாச் பொத்தானை அழுத்தி இந்தக் கணினியில் தேடு என்று போனால் திறக்கும் பெட்டியிலும் அதே இடதுபக்க வரிசைதான் இருக்கும். அவுட்லுக் மட்டுமில்லை. தண்டர்பேர்ட் என்ற இன்னொரு மெயில் புரோகிராமிலும் இருக்கும், பிரவுசரில் ஜிமெயில் திறந்து கிளிப் படத்தை அழுத்தினாலும் இருக்கும். ஏனென்றால் அந்தப் பெட்டி மெயில் புரோகிராமுடையது இல்லை, விண்டோஸுடையது. ஒரே தடவை குத்தி வைத்தால் எல்லாப் புரோகிராமிலும் கிடைக்கிறது. ஏழு கிளிக் இரண்டாகிவிடும்.

மெயில் ஃபோல்டர்களுக்கும் இப்படி ஒரு சுருக்கம் உண்டு. அவுட்லுக்கில் இடதுபக்கம் மேலே ஃபேவரிட்ஸ் என்று ஒரு பகுதி இருக்கும். ஆழத்தில் கிடக்கும் ஒரு மெயில் ஃபோல்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ஃபேவரிட்ஸில் சேர்த்தால் அது மேலே வந்துவிடும். தண்டர்பேர்டிலும் ஃபோல்டர்களை ஃபேவரிட் ஆக்கலாம். இதுவும் ஷார்ட்கட்தான், மெயில்கள் இடம் மாறுவதில்லை.

ஷார்ட்கட்டை மெயிலில் அனுப்பக் கூடாது

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி ஒரு நாள் வந்து நின்றான். "அக்கா, பேலன்ஸ் ஷீட்டை மூணு தடவை அனுப்பிட்டேன். அவங்களுக்கு ஒண்ணும் வரலைங்கறாங்க." போய்ப் பார்த்தால், டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டை ஒரு ஜிப் ஃபைலாக்கி அட்டாச் செய்திருந்தான். ஐகானில் அம்பு இருப்பதைக் காட்டினேன். "இதுல வழிதான்டா இருக்கு, பேலன்ஸ் ஷீட் இல்ல. நம்ம வீட்டு அலமாரில ரெண்டாவது தட்டுன்னு எழுதி அனுப்பினா அவங்க எந்த அலமாரியத் திறப்பாங்க?" என்றேன். உடனே புரிந்துகொண்டான்.

ஷார்ட்கட்டில் இருக்கும் முகவரி உங்கள் கணினிக்கு உரியது. இன்னொருவருடைய கணினியில் அதே டி டிரைவ், அதே ஃபோல்டர் இருக்கப் போவதில்லை.

இதில் பாதுகாப்பும் சேர்ந்திருக்கிறது. ஷார்ட்கட் ஃபைலை ஜிப் ஆக்காமல் நேராக அனுப்பினால், பெறுபவரின் அவுட்லுக் அதைத் திறக்க விடாது. காரணம் உண்டு. ஷார்ட்கட்டின் முகவரி வரியில் ஃபைலின் பெயர் மட்டும்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஒரு புரோகிராமை ஓட்டும் கட்டளையையும் எழுதலாம். ஐகானை மட்டும் பிடிஎஃப் போல மாற்றிவிட்டால் ஏமாறுவது சுலபம். 2010இல் வெளியே தெரிந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு (தானாகவே பரவும் தீய புரோகிராம்), விண்டோஸ் ஷார்ட்கட்டில் இருந்த ஓர் ஓட்டையைத்தான் பயன்படுத்திப் பென் டிரைவ்கள் வழியாகப் பரவியது. அந்த ஓட்டையை 2010இலேயே அடைத்ததாகச் சொன்னார்கள், அது முழுதாக அடைபடாததால் 2015இல் மறுபடி அடைத்தார்கள். ஆனால் 2022இல், இணையத்திலிருந்து வரும் ஆபிஸ் ஃபைல்களின் மேக்ரோக்களை (ஃபைலுக்குள் எழுதி வைக்கும் தானியங்கிக் கட்டளைகளை) மைக்ரோசாஃப்ட் தடுக்கத் தொடங்கியதும், மோசடிக்காரர்கள் மறுபடி ஷார்ட்கட் ஃபைல்களின் பக்கம் திரும்பினார்கள். உங்களுக்கு வரும் மெயிலில், ஜிப்புக்குள்ளே அம்பு போட்ட ஐகான் ஒன்று இருந்தால் அதைத் தொடாதீர்கள். நல்ல எண்ணத்தோடு யாரும் ஷார்ட்கட்டை அனுப்பத் தேவையே இல்லை.

அப்படியானால் ஒரே அலுவலகத்தில், ஒரே சர்வரில் வேலை செய்பவர்களுக்கு "ஃபைல் இங்கே இருக்கிறது" என்று எப்படிச் சொல்வது? அதற்கு லிங்க் போதும். எக்ஸ்ப்ளோரரில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஃபைலின் மேல் ரைட் கிளிக் செய்தால் காப்பி ஆஸ் பாத் என்று வரும். மெயிலில் ஒட்டினால் முழு முகவரி விழும். இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். முகவரி இரண்டு சாய்கோட்டோடும் சர்வரின் பெயரோடும் தொடங்கினால், அந்த ஃபோல்டருக்கு அனுமதி உள்ள எல்லோருக்கும் திறக்கும். இசட் டிரைவ் என்று தொடங்கினால், அதே சர்வரை உங்களைப் போலவே இசட் என்று இணைத்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் திறக்கும், பக்கத்து மேஜைக்காரருக்கு அது ஒய்யாக இருக்கலாம். இரண்டாவது, ஃபோல்டர் பெயரில் இடைவெளி இருந்தால் லிங்க் பாதியில் அறுந்துவிடும். முகவரியின் முன்னும் பின்னும் < > என்ற கூர்முனைக் குறிகளைப் போட்டு, முன்குறியை ஒட்டி ஃபைல் என்ற ஆங்கிலச் சொல்லையும் ஒரு முக்காற்புள்ளியையும் சேர்த்தால் அறுபடாது.

வெளியாட்களுக்கு இந்த லிங்க் உதவாது. அவர்களுக்கு ஒன்று நகலை அட்டாச் செய்ய வேண்டும், அல்லது ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் போன்ற இடத்தில் வைத்து அதன் லிங்க்கை அனுப்ப வேண்டும். ஜிமெயிலில் அட்டாச் செய்ய 25 எம்பிதான் எல்லை. மெயிலில் ஃபைல் போகும்போது எழுத்துகளாக மாற்றப்பட்டுத்தான் போகிறது, அதில் அளவு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். 20 எம்பி ஃபைல் சில இடங்களில் ஏன் திரும்பி வருகிறது என்றால் அதனால்தான்.

அறுந்துபோனால்

ஒரு நாள் கிளிக் செய்வீர்கள், கண்டுபிடிக்க முடியவில்லை என்று வரும். மண்டபம் மாறிவிட்டது. யாரோ ஃபோல்டரின் பெயரை மாற்றியிருப்பார்கள், அல்லது வேறு டிரைவுக்கு நகர்த்தியிருப்பார்கள். டெஸ்க்டாப் ஷார்ட்கட் என்றால் நகர்ந்த ஃபைலைத் தேடிப் பிடிக்க விண்டோஸ் சில சமயம் தானே முயலும். அவுட்லுக் பலகத்தில் அதை நம்பி இருக்க வேண்டாம். பழையதை நீக்கிவிட்டு, புது இடத்திலிருந்து மறுபடி இழுத்துப் போடுவதுதான் வேகமான வழி.

அறுவது குறைய, ஒரு படி மேலே இருக்கும் ஃபோல்டருக்கு ஷார்ட்கட் வையுங்கள். "2025-26" ஃபோல்டருக்கு வைத்தால் ஏப்ரல் 1ஆம் தேதி அது பழையதாகிவிடும். அதற்கு மேலே உள்ள "ஜிஎஸ்டி" ஃபோல்டருக்கு வைத்தால் எத்தனை நிதியாண்டு போனாலும் நிற்கும், ஒரு கிளிக் கூடுதல், அவ்வளவுதான். நான் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு எச்சரிக்கை. அவுட்லுக் ஏதாவது தகராறு செய்தால் இடதுபக்கப் பலகத்தை ரீசெட் செய்யும் கட்டளை ஒன்றைக் கொடுக்கச் சொல்வார்கள். சில கோளாறுகளை அது சரிசெய்யும், உண்மைதான். ஆனால் நீங்கள் சேர்த்து வைத்த குரூப்களும் ஃபேவரிட்ஸும் அதில் போய்விடலாம். சர்வீஸ் செய்ய யாராவது உட்காரும் முன் பலகத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபைல்கள் எங்கும் போகாது, வழிகளைத்தான் மறுபடி போட வேண்டியிருக்கும்.

நியூ அவுட்லுக்கில்

மேல் மூலையில் நியூ அவுட்லுக் என்று ஒரு சிறு பொத்தான் பார்த்திருப்பீர்கள். அதைத் தட்டினால் வருவது, பார்க்கப் பிரவுசரில் திறக்கும் அவுட்லுக் போலவே இருக்கும். நான் மேலே சொன்ன ஷார்ட்கட்ஸ் பலகம் அதில் இல்லை. மெயில் ஃபோல்டர்களுக்கு ஃபேவரிட்ஸ் உண்டு. அட்டாச் பெட்டி விண்டோஸுடையதுதான் என்பதால் குயிக் ஆக்சஸும் அப்படியே வேலை செய்யும். நிறுவியிருக்கும் கிளாசிக் அவுட்லுக்குக்கு 2029 வரையாவது ஆதரவு இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. கிளாசிக்கில் இருப்பவர்கள் பலகத்தைத் தாராளமாக அமைத்துக்கொள்ளலாம். ஏற்கெனவே புதியதற்கு மாறியவர்கள் அதே பத்து ஃபோல்டர்களைக் குயிக் ஆக்சஸில் குத்தி வையுங்கள். அந்தத் தம்பி புது அவுட்லுக்தான் பயன்படுத்துகிறான். அவன் வரிசையில் இப்போது ஆறு குண்டூசிகள் இருக்கின்றன, முதலாவது பேலன்ஸ் ஷீட் ஃபோல்டர்.